கோத்தகிரியில் வெயிட் பழக ஆரம்பித்தால் யார் பேச்சைக் கேட்பது?

கேட்டவருக்கு 29 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஊர், தனியார் பள்ளியில் வேலை, ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. மாஸ்டர் “பொண்ணுங்களுக்கு ஸ்குவாட் வேண்டாம்மா, முட்டி போயிரும், மெஷின்லயே பண்ணு” என்கிறாராம். யூடியூபைத் திறந்தால் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) போடாதவர்களுக்கு விமோசனமே இல்லை என்கிறார்கள். கோவையில் இருக்கும் மாமா பையன், ஆன்லைன் கோச் ஒருவருக்கு மாதம் ஆறாயிரம் கட்டு, மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்கிறான். “அக்கா, யாரை நம்புறதுன்னே தெரியல, இந்த ஊர்ல ஒரு நல்ல குரு கிடைப்பாங்களா?” இதுதான் கேள்வி.

கிடைப்பார்கள். ஆனால் எல்லாம் தெரிந்த ஒருத்தரைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள், மலையில் மட்டும் இல்லை, சென்னையிலும்தான். நீங்கள் கேட்பது மூன்று தனித்தனி வேலைகள். நீங்கள் தூக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க ஒரு கண் வேண்டும். எந்த நாள் என்ன, எத்தனை செட், எப்போது எடை ஏற்றுவது என்று ஒரு திட்டம் வேண்டும். வலி, பழைய அடி, பிரசவம், தைராய்டு மாதிரி உடம்பு விஷயங்களுக்கு அதைப் படித்த ஒருவர் வேண்டும். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பதால்தான் மாஸ்டர் ஒன்று சொல்லி யூடியூப் வேறொன்று சொன்னதும் தலை சுற்றுகிறது.

மீராபாய் சானுவையே எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். அவருக்குத் தேசியப் பயிற்சியாளர் விஜய் சர்மா பல வருடமாகக் கூடவே இருந்தார். இருந்தும் தோள், முதுகுத் தொல்லை தீராமல் இருந்தபோது, 2020-ல் அமெரிக்காவில் இருக்கும் ஆரோன் ஹோர்ஷிக் என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் போனார். விஜய் சர்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று அதற்கு அர்த்தம் இல்லை, அந்தத் தொல்லைக்கு அந்த ஆள், அவ்வளவுதான். நம் பக்கத்தில் பார்த்தால் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகள் இரண்டிலும் தங்கம். அவருக்கு முதலில் ராடை, அதாவது எடை மாட்டும் கம்பியை, பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா, ராணுவத்தில் இருந்தவர், அவரும் பளு தூக்கியவர். ஆரம்பிக்கும்போது வீட்டுத் திண்ணை தூரத்தில் இருக்கும் ஒரு கண் போதும். அப்புறம் தேவைக்கு ஏற்ப ஆட்கள் வந்து சேர்வார்கள்.

சரி, அந்த முட்டி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாஸ்டர் அதைத் தானாகக் கற்பனை செய்து சொல்லவில்லை. 1961-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் கிளெயின் என்பவர் பளு தூக்குபவர்களின் முட்டித் தளர்வை அளந்து, முழுசாக உட்கார்ந்து எழும் ஸ்குவாட் முட்டித் தசைநார்களைத் தளர்த்துகிறது என்று எழுதினார். அது பத்திரிகைகளில் பரவி, பள்ளி பி.டி. வகுப்புகளுக்குப் போய், அங்கிருந்து ஜிம் ஜிம்மாக வாய்வழியாகவே இறங்கிவிட்டது. பின்னால் மற்றவர்கள் அளந்து பார்த்தபோது அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. 1989-ல் வந்த ஓர் ஆய்வில் கல்லூரி மாணவ மாணவிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முழு ஸ்குவாட், ஒன்றுக்கு அரை ஸ்குவாட், ஒன்றுக்கு எதுவும் இல்லை என்று எட்டு வாரம் வைத்துப் பார்த்தார்கள். முட்டியின் உறுதியில் குழுக்களுக்குள் வித்தியாசம் இல்லை. அதே ஆய்வில் பல வருடம் தூக்கிய போட்டிக்காரர்களின் முட்டி சில சோதனைகளில் மற்றவர்களைவிட இறுக்கமாகவே இருந்தது. இது வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் மறுப்புக்கு எப்போதுமே பஸ் கிடைப்பதில்லை, வதந்திக்கு மட்டும் ஓசி லாரி கிடைத்துவிடுகிறது.

ஆய்வெல்லாம் எதற்கு, தோட்டத்தில் கேரட் பிடுங்கும் அம்மாக்களைப் பாருங்கள், அறுபது வயதிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்துதான் வேலை பார்க்கிறார்கள் என்று சிலர் உடனே சொல்வார்கள். நான் அந்த வாதத்தை வைக்க மாட்டேன். அந்த அம்மாக்களில் முட்டி வலி இருப்பவர்களும் நிறைய. ஆள் காட்டிப் பேசும் வாதம் இரண்டு பக்கமும் வெட்டும், யாராவது அப்படிப் பேசினால் அதோடு விட்டுவிடாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே முட்டியில் அடிபட்டிருந்தால், படி இறங்கும்போது வலித்தால், வீக்கம் வந்தால், அது வேறு கதை. அப்போது ஸ்குவாட் வேண்டுமா என்பதை மாஸ்டரும் சொல்ல வேண்டாம், யூடியூபும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன், பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். வலி இல்லாத முட்டிக்கு, படிப்படியாக எடை ஏற்றினால், ஸ்குவாட் வில்லன் இல்லை.

இந்த ஒன்றை இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம், எந்தப் பேச்சையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். யார் முதலில் சொன்னது, எதை அளந்து சொன்னார்கள், யாரை அளந்தார்கள், மறுபடி யாராவது செய்து பார்த்தார்களா. “ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்க” என்று ஒரு ரீல்ஸ்காரர் சொன்னால், எந்த ஆராய்ச்சி என்று கேட்டுப் பாருங்கள். பப்மெட் என்று ஒரு தளம் இருக்கிறது, காசு கிடையாது, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தை யாரும் படிக்கலாம். நீங்கள் பள்ளியில் வேலை பார்ப்பவர், அந்த ஆங்கிலம் உங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. நிறைய ரீல்ஸ் ‘ஆராய்ச்சி’ எப்படி இருக்கும் என்றால், எட்டுப் பத்துப் பேர், எல்லாரும் ஏற்கெனவே பழகிய ஆண்கள், தசையில் மின்துடிப்பு எவ்வளவு என்று ஒரே ஒரு நாள் அளந்திருப்பார்கள். அதை வைத்து இந்த எக்ஸர்சைஸ்தான் தசையை அதிகம் வளர்க்கும் என்று வீடியோ போட்டிருப்பார்கள். துடிப்பு வேறு, பல மாதம் கழித்து வளர்ந்த தசை வேறு.

ஆரம்பிக்கிறவருக்கு அடிப்படையில் இவ்வளவு சண்டையே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார அமைப்பு 2020-ல் சொன்னது, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள், எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுப் பயிற்சி. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2009 வழிகாட்டுதல், புதியவர்கள் வாரம் இரண்டு மூன்று நாள், செட்டுக்கு 8 முதல் 12 தடவை, திட்டத்தில் இருப்பதைவிட ஒன்றிரண்டு தடவை கூடுதலாக முடிகிறது என்றால் எடையை 2 முதல் 10 சதவீதம் ஏற்று என்கிறது. உட்கார்ந்து எழுவது ஒன்று, தரையிலிருந்து தூக்குவது ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று. முதல் ஆறு மாதத்துக்கு இது போதும். இணையத்தில் நடக்கிற சண்டையில் முக்கால்வாசி, இதைப் பல வருடம் செய்து முடித்தவர்களுக்கு மிச்சம் ஒரு சதவீதத்தை எங்கே தேடுவது என்பது பற்றியது. அதில் நமக்கு என்ன வேலை?

இப்போது ஆளைத் தேடும் விஷயம். எல்லாரும் செய்வது, மாஸ்டரின் கை எவ்வளவு தடிமன் என்று பார்ப்பது. அதைப் பார்க்காதீர்கள். அவருக்கு இருபது வயதில் ஆரம்பித்த உடம்பு, அவர் அப்பா அம்மா கொடுத்த எலும்பு, சில சமயம் ஊக்கமருந்து ஊசி கொடுத்த உடம்பு. அவரிடம் ஒரு வருடம் பழகிய சாதாரண ஆட்களைப் பாருங்கள், முக்கியமாக உங்களை மாதிரி ஆட்களை. வேலைக்குப் போகிற பெண்கள், நாற்பது தாண்டியவர்கள், விளையாட்டுப் பழக்கமே இல்லாமல் வந்தவர்கள். அப்படி யாருமே ஒரு வருடம் நிற்கவில்லை, எல்லாரும் மூன்று மாதத்தில் காணாமல் போய்விடுகிறார்கள் என்றால் அதுவே பதில்.

ஒரு நாள் சாயங்காலம் சீக்கிரம் முடித்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுகிற மாதிரி அரை மணி நேரம் கவனியுங்கள். புதுப் பையன் ஒருவன் ராடைத் தூக்குகிறான், முதுகு வளைகிறது. மோசமான மாஸ்டர் போனைப் பார்த்துக்கொண்டே “இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு” என்பார். சுமாரான மாஸ்டர் நெஞ்சைத் தூக்கு, வயிற்றை இறுக்கு, குதிகாலை ஊன்று, முட்டியை வெளியே தள்ளு, மேலே பார் என்று ஒரே மூச்சில் ஐந்து விஷயம் சொல்வார், பையன் ஐந்தையும் மறந்துவிடுவான். நல்ல மாஸ்டர் எடையைக் குறைக்கச் சொல்வார், ஒரே ஒரு விஷயம் சொல்வார், அடுத்த செட்டில் அது சரியாகிறதா என்று நின்று பார்ப்பார். எடையைக் குறைக்கச் சொல்லத் தெரிகிறதா என்பதுதான் என் முதல் அளவுகோல், ஏனென்றால் அதில் அவருக்கு லாபம் எதுவும் இல்லை, பையனுக்குக் கோபம்தான் வரும்.

அப்புறம் சில சின்னக் கேள்விகளைக் கேளுங்கள், சோதிக்கிற தொனி இல்லாமல். “அண்ணா, இந்த ராடு எத்தனை கிலோ?” ஆண்கள் போட்டி ராடு 20 கிலோ, பெண்களுடையது 15. நம் ஊர் ஜிம்களில் இருப்பது எட்டாகவும் இருக்கும், பன்னிரண்டாகவும் இருக்கும், எந்தக் கடையில் வாங்கினார்களோ அதைப் பொறுத்தது. தன் ராடின் எடை தெரியாத மாஸ்டர் உங்களுக்கு எடை ஏற்றும் கணக்குச் சொல்ல முடியாது. வெறும் ராடைப் பிடித்துக்கொண்டு எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறி, அப்புறம் ராடு இல்லாமல் ஏறிக் கழித்துப் பாருங்கள், முடிந்தது. அடுத்த கேள்வி, “இதுல சின்ன பிளேட் எது?” நிறைய இடத்தில் 2.5 கிலோதான் கடைசி. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. தலைக்கு மேல் 20 கிலோ தள்ளும் ஒரு பெண்ணுக்கு அது 25 சதவீதம், மேலே சொன்ன 2 முதல் 10 எங்கே, இது எங்கே. அங்கே மாட்டிக்கொண்டுதான் நிறையப் பெண்கள் “எனக்குக் கையில பலமே இல்ல” என்று நின்றுவிடுகிறார்கள். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம், அதுவும் கிடைக்காவிட்டால் காலில் கட்டுகிற அரைக் கிலோ மணல் பட்டையை ராடின் இரண்டு நுனியிலும் சுற்றிவிடலாம். உங்கள் மாஸ்டர் இதைக் கேட்டுச் சிரித்தால் பரவாயில்லை, “நல்ல ஐடியாவா இருக்கே” என்று சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள், அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும், ஸ்குவாட் விஷயத்தில் தவறாகச் சொன்னால்கூட.

சான்றிதழ் பற்றிக் கேட்பீர்கள். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ, உடற்கல்விப் பட்டங்களான பி.பி.எட்., எம்.பி.எட். இவை இருந்தால் நல்லது, குறைந்தபட்சம் உடம்பின் அமைப்பைப் படித்திருப்பார். வாரக் கடைசி இரண்டு நாளில் முடித்த, பெயர் நீளமான சர்டிபிகேட் சுவரில் தொங்கினால் அது பிரேமுக்குத்தான் அழகு. ஆனால் காகிதமே இல்லாத நல்ல ஆட்களும் இந்த மலையில் உண்டு, அவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை.

நீலகிரியில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமே இருக்கிறது, சுற்றியுள்ள ஊர் ஒவ்வொன்றிலும் பென்ஷன் வாங்கும் ஹவில்தார் யாராவது இருப்பார். அவர்களில் பி.டி. இன்ஸ்ட்ரக்டராக இருந்தவர்களை விசாரியுங்கள். ஆயிரக்கணக்கான பதினெட்டு வயதுப் பையன்களை ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து தயார் செய்து பார்த்தவர்கள் அவர்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படி ஒருவர், அருவங்காடு பக்கம், மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு மாதம் போல வெறும் ராடு மட்டும்தான். கையில் டீ டம்ளரோடு என் வலப்பக்கம் நிற்பார், முன்னால் நிற்கவே மாட்டார். ராடு பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே போய் வருகிறதா என்பது பக்கவாட்டிலிருந்துதான் தெரியும் என்பார். தப்பாகப் போனால் “விரல்” என்று ஒரு சொல், அதாவது எடை விரல் பக்கம் சாய்ந்துவிட்டது. சரியாகப் போனால் டீயைக் குடிப்பார். புரோட்டீன் பற்றிக் கேட்டால் “அது எனக்குத் தெரியாதும்மா, படிச்சவங்கள கேளு” என்பார். தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஆள் தெரியும் என்று சொல்லும்போது நம்பலாம். (அவர்களிடம் ஒரு குறையும் உண்டு. வலியைப் பொறுத்துக்கொள்வதே வீரம் என்ற பழக்கம் சிலருக்கு விடாது. மூட்டில் குத்துகிற வலி என்றால் அவர் என்ன சொன்னாலும் நிறுத்துங்கள்.)

உங்கள் பள்ளியிலேயே உடற்கல்வி ஆசிரியர் இருப்பாரே, அவரைக் கேட்டீர்களா? நேரடியாக அவருக்கு வெயிட் தெரியாவிட்டாலும் மாவட்டத்தில் யார் பவர்லிஃப்டிங் பழக்குகிறார், யாருடைய பிள்ளைகள் போட்டிக்குப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைகிற கூட்டம் அது. ஊட்டியில் எச்.ஏ.டி.பி. மைதானத்துப் பக்கம் போனால் காலையில் ஓட வருகிறவர்கள், போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், பழைய வீரர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலரிடமும் விசாரிக்கலாம்.

இன்னொன்று, கோவைப் பக்கம் ஏதாவது பவர்லிஃப்டிங் போட்டி நடந்தால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கலந்துகொள்ள இல்லை, பார்க்க. மேடையைவிட, பின்னால் வார்ம் அப் நடக்கும் இடத்தில்தான் கண்ணை வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஸ்குவாட், பெஞ்ச் (படுத்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது) மூன்றிலும் மூன்று மூன்று வாய்ப்பு. நல்ல பயிற்சியாளர் முதல் வாய்ப்புக்குத் தன் பிள்ளை தூக்கத்திலும் தூக்கக்கூடிய எடையைத்தான் எழுதிக்கொடுப்பார். ஸ்குவாட்டில் மூன்றும் தவறினால் அன்றைய மொத்தமே போச்சு என்று அவருக்குத் தெரியும். முதல் தடவையே பெரிய எடை போட்டுப் பையனைத் தள்ளிவிட்டு வெளியே நின்று கத்துகிறவர்களையும் பார்ப்பீர்கள். அரை நாள் அங்கே நின்றால் எந்தக் கோச்சிடம் போகலாம், எவரிடம் போகக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பெண் பயிற்சியாளர்கள், பெண் வீராங்கனைகளின் பழக்கமும் அங்கேதான் கிடைக்கும்.

இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதனால் ஒருவரை அணுகும் விதம் முக்கியம். “எனக்கு குருவா இருங்க” என்று போய் நின்றால் பெரியவர்கள் மிரண்டுவிடுவார்கள். காலை ஆறு மணிக்கு வந்து சத்தம் போடாமல் தன் வேலையை முடித்துப் போகும் ஐம்பது வயது ஆள் உங்கள் ஜிம்மில் ஒருவராவது இருப்பார். அவர் செட் நடுவில் இருக்கும்போது பேசாதீர்கள். முடித்து பிளேட்டைக் கழற்றும்போது ஒரு பக்கம் நீங்களும் கழற்றிக் கொடுங்கள். இரண்டு வாரம் இப்படிப் போனபின், ஒரே ஒரு சின்ன கேள்வி, “அண்ணா, கீழ இறங்கும்போது குதிகால் தூக்குது, என்ன பண்ணலாம்?” அவர் சொன்னதைச் செய்து பார்த்து, அடுத்த வாரம் என்ன ஆச்சு என்று போய்ச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பீஸ் கிடையாது. பத்துப் பேர் கேட்பார்கள், செய்து பார்த்துத் திரும்பி வந்து சொல்பவர் ஒருவர்தான் இருப்பார்.

ஊட்டிப் பக்கம் முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில், மார்கழிக் குளிரில் தோடர் இளைஞர்கள் திருவிழாவில் உருண்டைக் கல்லைத் தூக்குவதைச் செய்தியிலாவது பார்த்திருப்பீர்கள். தெற்கே இளவட்டக்கல் என்கிறோமே அதே மாதிரிதான், தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோவது. சுற்றி நிற்கும் பெரியவர்கள் எல்லாரும் தங்கள் வயதில் அதைத் தூக்கியவர்கள். கை எங்கே வழுக்கும், எந்த இடத்தில் மூச்சை விடக் கூடாது என்று அவர்கள் உடம்புக்கே தெரியும். அப்படி ஒரு வட்டம் நமக்கு ஜிம்மில் தானாக அமைவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது. தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்பவர்தான் மாஸ்டர். “முதுகுல கை வைக்கிறேன், சரியா?” என்று கேட்க ஒரு நொடிகூட ஆகாது. கேட்காமல் தொட்டால் ஒரு முறை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், மறுபடி நடந்தால் ஜிம்மையே மாற்றுங்கள், கட்டின பணம் போனால் போகட்டும். பெண்களுக்குத் தனி நேரம் இருக்கும் ஜிம்மில் அந்த நேரத்தில் மாஸ்டர் உண்மையிலேயே இருக்கிறாரா, இல்லை பூட்டைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறாரா என்று பாருங்கள். பல இடத்தில் ‘லேடீஸ் டைம்’ என்றால் ஆள் இல்லாத நேரம்தான். கையும் காலும் ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்று வீட்டில் பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள், வருடக்கணக்கில் அதற்காகவே உழைக்கிறவர்களுக்கே அது எளிதில் வருவதில்லை.

சாப்பாடு, புரோட்டீன் பொடி டப்பா விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நம் நாட்டுப் பரிந்துரை ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம். வலுப் பயிற்சி செய்பவர்களை வைத்து நடந்த 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வந்த கணக்கு, சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்குக் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை என்றது. நீங்கள் 60 கிலோ என்றால் நாளுக்கு 50-லிருந்து 96 கிராமுக்குள் எங்காவது. முட்டை ஒன்றில் 6 கிராம், அவரை, கடலை, பால், தயிர், மீன் என்று கணக்குப் போட்டால் பாதிக்கு மேல் வீட்டிலேயே வந்துவிடும். பொடி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மாஸ்டரிடம் வாங்காதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, டப்பா விற்றால் கமிஷன் கிடைக்கிறவரிடம் டப்பா தேவையா என்று கேட்க முடியாது. 2024-ல் கேரள மருத்துவர்கள் இந்தியாவில் விற்கும் 36 பொடிகளைச் சோதித்தபோது சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

யாராவது ‘வைட்டமின் ஊசி’, ‘கட்டிங் மாத்திரை’ என்று ஆரம்பித்தால் அந்த ஆளிடம் மேற்கொண்டு எதுவும் கற்றுக்கொள்ள வேண்டாம். இதில் நடுநிலை எல்லாம் கிடையாது. முதல் நாளே உங்களைப் பிழிந்து எடுத்து, மறுநாள் கோத்தகிரிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்க வைத்து, “அப்பதான் ஒர்க் அவுட் ஆகுது” என்று பெருமைப்படுகிறவரும் ஏறக்குறைய அதே ரகம். இரண்டு மூன்று நாள் சதை வலி சாதாரணம். ஆனால் தசை கல்லாக வீங்கி, சிறுநீர் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் போனால் அது ‘நல்ல வலி’ இல்லை, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

எல்லார் பேச்சையும் கேட்டபின் தீர்ப்புச் சொல்ல ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, என்ன செய்தீர்கள், எத்தனை கிலோ, எத்தனை தடவை, எங்காவது வலித்ததா. எட்டு வாரம் ஒரே திட்டத்தில் இருங்கள், நடுவில் எந்த வீடியோ பார்த்தாலும் மாற்றாதீர்கள். புதிதாக ஆரம்பித்தவருக்கு எட்டு வாரத்தில் எடை ஏறியே ஆக வேண்டும், முதலில் தசை வளர்வதைவிட நரம்புகள் வேலையைப் பழகிக்கொள்வதாலேயே ஏறும். ஏறவில்லை என்றால் தூக்கம், சாப்பாடு, திட்டம் மூன்றில் ஏதோ ஒன்று சரியில்லை. அப்போது நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால் யாராலும் பூசி மெழுக முடியாது. இங்கே ஒரு மலைக்கணக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள், டிசம்பர் ஜனவரி காலையில் கோவைக்காரர் வீடியோவில் சொல்லும் ஐந்து நிமிட வார்ம் அப் நமக்குப் பத்தாது. இரும்பைத் தொட்டாலே கை பின்வாங்கும் குளிரில் வெறும் ராடோடு இரண்டு மூன்று செட் கூடுதலாகப் போடுங்கள், ஸ்வெட்டரை அவசரமாகக் கழற்றாதீர்கள்.

மாதம் ஆறாயிரம் கோச் விஷயம். இப்போது வேண்டாம். மூன்று மாதம் கழித்து, வீட்டுப் பக்கம் கண் கிடைக்கவே இல்லை என்றால் யோசிக்கலாம். அப்போதும் வருடக் கட்டணம் கட்டாதீர்கள், மாதா மாதம் மட்டும். சேரும்முன் அவரிடம் கேட்க வேண்டியது, “நான் வீடியோ அனுப்பினா எத்தனை நாள்ல, எப்படிப் பதில் சொல்வீங்க, ஒரு மாதிரி காட்டுங்க.” ‘சூப்பர், கீப் கோயிங்’ என்று கட்டைவிரல் காட்டுவது பதில் இல்லை. உங்களுக்கும் இன்னொருத்தருக்கும் அதே அட்டவணையை அனுப்பியிருக்கிறாரா என்றும் விசாரித்துவிடுங்கள், மாமா பையனுடைய அட்டவணையை வாங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்த வாரம் என்ன செய்வது என்றால், மாஸ்டரிடம் ஸ்குவாட் சண்டை போடாதீர்கள். “அண்ணா, ஒரு டம்பெல்லை நெஞ்சுகிட்ட பிடிச்சு, பெஞ்ச்ல உட்கார்ந்து எழுந்து காட்டறேன், முட்டி எப்படிப் போகுதுன்னு பாருங்க” என்று கேளுங்கள். அதற்கு யாரும் மறுக்க மாட்டார்கள், அவரும் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஐந்து கிலோ போதும். அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்புவதாக இருந்தால் போனை இடுப்பு உயரத்தில், நேர் பக்கவாட்டில் வையுங்கள், பின்னால் வேறு யாரும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதம் முழுசாகத் தெரிய வேண்டும். வருகிற வீடியோக்களில் பாதிக்கு மேல் முட்டிக்குக் கீழே வெட்டுப்பட்டிருக்கும், அதை வைத்து நான் ஒன்றுமே சொல்ல முடியாது.